96 ஆடு, ஒரு விளக்கு: அறிவியல் மென்பொருளை யார் பார்த்துக்குறது?

புதுச்சேரியில் மாணவர்களும் மென்பொருள் துறையினரும் கூடிய ஒரு மாலைச் சந்திப்பில் பேசிய உரை இந்த எபிசோடாக வந்தது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்து இங்கே எழுத்தாகத் தருகிறோம். கடைசியில் இரண்டு கேள்விகளும் பதில்களும் உள்ளன.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். பீச் ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு ஊரே காத்து வாங்கப் போயிருக்கிற நேரம். அதை விட்டுட்டு அறிவியல் மென்பொருளைப் பத்திக் கேக்க இத்தனை பேர் வந்திருக்கீங்க. முதல்ல அதுக்கு நன்றி.

ஒரு போன் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"என் காடு தப்பா வருது"

சில வருஷம் முன்னாடி. ராத்திரி பத்து மணி இருக்கும். தெரியாத நம்பர். எடுத்தா ஒரு பொண்ணு பேசுறாங்க. "அண்ணா, நீங்க முன்னாடி எங்க லேப்ல இருந்தீங்களாமே? உங்க ஸ்க்ரிப்ட்டைத்தான் நான் யூஸ் பண்றேன்." எனக்கு ஒரு நிமிஷம் பெருமையா இருந்துச்சு. அடுத்த வரியில அது போயிடுச்சு. "என் காடு தப்பா வருது அண்ணா."

நான் ஒரு ஆய்வகத்துல ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல வேலை பார்த்தேன். பேர் வேண்டாம், இந்த ஊரும் இல்ல. அப்படிப்பட்ட ஆய்வகங்கள் நாடு முழுக்க இருக்கு. அங்க எனக்குக் கொடுத்த வேலை இது: காட்டுல அளந்துட்டு வர்ற மரக் கணக்கை வெச்சு, ஒரு ஹெக்டேர்ல தரைக்கு மேல எத்தனை டன் மரம் இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரிப்ட். அந்த எடையில ஏறக்குறைய பாதி கார்பன். காலநிலை மாற்றம் பத்திப் பேசுறவங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

இந்தப் பொண்ணு மேற்குத் தொடர்ச்சி மலையில ரெண்டு சீசன் வேலை பார்த்திருக்காங்க. மழை, அட்டைக்கடி, எல்லாத்தோடயும். ஒவ்வொரு மரத்துலயும் 1.3 மீட்டர் உயரத்துல டேப்பைச் சுத்தி அளவெடுத்து, நோட்டுல எழுதி, எக்செல்ல ஏத்தி, என் ஸ்க்ரிப்ட்டுல போட்டா, ஹெக்டேருக்கு 43 டன்னு வருது. அவங்க கேட்டது இன்னும் காதுல இருக்கு: "அண்ணா, இது பசுமைமாறாக் காடா, முந்திரித் தோப்பா?"

நல்ல அடர்ந்த பசுமைமாறாக் காட்டுல அந்த எண் நூத்துக்கணக்குல இருக்கணும்.

எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. நான் எழுதின கோடை, யாரோ எழுதினது மாதிரி உக்காந்து படிச்சேன். கடைசியில கிடைச்சது ஒரே ஒரு எழுத்து. டேட்டாவுல ஒரு காலத்துக்கு நான் 'ஜி' ன்னு பேர் வெச்சிருந்தேன். 'கர்த்', அதாவது மரத்தோட சுற்றளவு. நம்ம ஊர்ல பெரும்பாலும் டேப்பால சுற்றளவைத்தான் அளப்பாங்க. ஸ்க்ரிப்ட் அதை 3.14-ஆல வகுத்து விட்டம் ஆக்கிட்டு, மேல கணக்குப் போடும். இது அன்னைக்கு அந்த லேப்ல எல்லாருக்கும் தெரியும். அதனால நான் எங்கயும் எழுதி வைக்கல.

இந்தப் பொண்ணு எக்செல்லயே சுற்றளவை விட்டமா மாத்திட்டாங்க. என் ஸ்க்ரிப்ட் அந்த விட்டத்தை இன்னொரு தடவை 3.14-ஆல வகுத்திருக்கு. மரத்தோட எடைக்கான சூத்திரத்துல விட்டம் கிட்டத்தட்ட இருமடியா வரும். அதனால ஒரு 3.14 தப்பினா, விடை ஒன்பது மடங்குக்கு மேல குறையும். உயரம் தனியா அளந்தது, அது மாறல. திருத்திப் போட்டதும் 400 டன் பக்கம் வந்துச்சு.

கவனிங்க. ஸ்க்ரிப்ட் எங்கயும் நிக்கல. சிவப்புல எந்த எழுத்தும் வரல. அழகா ஒரு எண்ணைக் கொடுத்துச்சு. அந்தக் காட்டை அவங்க காலால நடந்து பார்த்திருந்ததாலதான் சந்தேகம் வந்துச்சு. நடக்காத ஒருத்தர் கையில அந்த ஃபைல் போயிருந்தா, 43 டன் ஒரு ரிப்போர்ட்ல ஏறியிருக்கும்.

மூணு வருஷ ஆயுசு

இது என் சோம்பேறித்தனம்தான், மறுக்கல. ஆனா ஆய்வகங்கள்ல வேலை பார்த்த யார்கிட்ட சொன்னாலும், "எங்க லேப்லயும் இப்படி ஒண்ணு இருக்கு"ன்னு சொல்றாங்க. எல்லாருக்கும் ஒரே நோய்னா, காரணம் ஒரு ஆளோட குணம் மட்டும் இல்லன்னு அர்த்தம்.

ஒரு ஆராய்ச்சித் திட்டத்தோட ஆயுசு பெரும்பாலும் மூணு வருஷம். முதல் வருஷம் ஆள் எடுப்பாங்க, உபகரணம் வாங்குவாங்க. ரெண்டாவது வருஷம் டேட்டா. மூணாவது வருஷம் கட்டுரை. மென்பொருள் இது நடுவுல எங்கயோ, ஒரு ஒப்பந்த ஊழியரோ பிஎச்டி மாணவரோ அவசரத்துல எழுதுறது. கட்டுரை வந்தா பேர் வரும், வேலை கிடைக்கும். மென்பொருளை ஒழுங்கா எழுதி வெச்சதுக்காக யாருக்கும் பதவி உயர்வு வந்து நான் பார்த்தது குறைவு. மூணு வருஷம் முடிஞ்சதும் ஆள் கிளம்பிடுவார். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துடுவார். அடுத்து வர்றவர் முதல்லயிருந்து ஆரம்பிப்பார்.

2012-ல இங்கிலாந்துல சிலர் கூடி இதுக்கு ஒரு பேராவது வைப்போம்னு முடிவு பண்ணினாங்க. 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்'. அறிவியலும் தெரியும், மென்பொருளும் தெரியும், அதுதான் அவர் முழுநேர வேலை. இப்போ பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள்ல அந்தப் பதவி இருக்கு. நம்ம ஊர்ல அதே வேலையைப் பண்றவங்க இருக்காங்க. பதவிப் பேர்தான் 'ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்'.

ஒரே மென்பொருள், பல காடுகள்

சரி, செத்ததைப் பத்தியே பேசிட்டிருந்தா எப்படி? பொழைச்சதைப் பார்க்கலாம். அதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். இங்கேயே, செயின்ட் லூயிஸ் தெருவுல, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கு. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர்ல கைமாறினதும், அடுத்த வருஷம் 1955-ல ஆரம்பிச்சது. நம்மள்ல பலருக்கு அது 'ஓலைச்சுவடி இருக்கிற இடம்'. அங்கேயும், டூமாஸ் தெருவுல இருக்கிற பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலயும் உள்ள சைவச் சுவடிகள் 2005-ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல ஏறிச்சு. ஆனா அதே கட்டடத்துல ஒரு சூழலியல் துறை இருக்கு. மரம், மகரந்தம், வரைபடம்னு பல வருஷமா வேலை நடக்குது.

காட்டுல ஒரு மரத்தைப் பார்த்து என்ன மரம்னு சொல்றது லேசு இல்ல. தாவரவியல் புத்தகத்தைத் திறந்தா முதல் கேள்வியே பூவைப் பத்தி இருக்கும். நீங்க போன மாசத்துல பூவே இருக்காது. இருந்தாலும் 30 மீட்டர் உயரத்துல இருக்கும். ஒரு கேள்விக்குத் தப்பா பதில் சொன்னா, அதுக்கு மேல எல்லாமே தப்பு.

பிரான்ஸோட சிராட் நிறுவனத்துல பியர் கிரார் 'இடாவோ'ன்னு ஒரு மென்பொருள் உருவாக்கினார். அதுல படத்தைத் தொட்டுத் தொட்டு செடியை வரைஞ்சுகிட்டே போகலாம். இலை எதிரெதிரா இருக்கா, மாறி மாறி இருக்கா? ஓரம் பல்லு பல்லா இருக்கா? போலீஸ்காரங்க சாட்சி சொல்றதை வெச்சு முகத்தை வரையுற மாதிரி. உங்களுக்குத் தெரிஞ்ச அடையாளத்துலயிருந்து ஆரம்பிக்கலாம். ஒண்ணு தப்பா சொன்னாலும், எந்த இனம் எத்தனை சதவீதம் பொருந்துதுன்னு வரிசையா காட்டும்.

இதுல எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. கணக்குப் போடுற எஞ்சின் தனி. செடிகளோட டேட்டா தனி. அதனால ஒரே எஞ்சினை வெச்சு இந்த ஊர் ஆய்வாளர்களும் அவங்க கூட்டாளிகளும் 2005-ல அலையாத்தி மரங்களுக்கு ஒரு தொகுப்பு கொண்டு வந்தாங்க. கங்கைச் சமவெளி நெல், கோதுமை வயல்கள்ல வர்ற களைகளுக்கு ஒண்ணு. 2010-ல மேற்குத் தொடர்ச்சி மலையோட பசுமைமாறாக் காட்டு மரங்களுக்கு ஒண்ணு, அதுல ஐந்நூறுக்கும் மேல மர இனங்கள். லாவோஸ் நாட்டு மரங்களுக்கும் அதே முறை போச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா செஞ்சது முக்கியமா டேட்டாவைத்தான்.

இப்போ என் ஸ்க்ரிப்ட்டை நினைச்சுப் பாருங்க. அதுக்குள்ள ஃபைல் பேர், லேப்பு பழக்கம், 3.14 எல்லாம் ஒண்ணாக் குழைஞ்சு கிடந்துச்சு. வேற காட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்னா உரிச்சுத்தான் எடுக்கணும்.

ஆனா இதுல ஒரு பாடமும் இருக்கு. அந்தக் காலத்துத் தொகுப்புகள் பல சிடியில வந்தது. இன்னைக்கு இந்த அறையில எத்தனை லேப்டாப்புல சிடி போட இடம் இருக்கு? கை தூக்குங்க. ...ஒண்ணு. ஓலைச்சுவடிக்கும் இதே கதைதான். புல்தைலம் தடவி வெச்சா கொஞ்ச காலம் தாங்கும். நூத்தாண்டுக் கணக்குல பார்த்தா, ஒருத்தர் உக்காந்து புது ஓலையில படி எடுத்ததுதான் நம்ம கைக்கு வந்திருக்கு. தேவைப்பட்டவங்க இருந்ததாலதான் படி எடுத்தாங்க.

பூட்டானுக்குப் போன கோட்

அடுத்தது இணையத்துல நடந்தது. 2008-ல 'இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்' வந்துச்சு. நீங்க ஒரு பூச்சியையோ செடியையோ போட்டோ எடுத்துப் போட்டா, தெரிஞ்சவங்க பேர் சொல்வாங்க. இனங்களுக்குத் தனித்தனிப் பக்கம், வரைபடங்கள் எல்லாம் உண்டு. ஒரே நிறுவனம் செஞ்சது இல்ல. பெங்களூரோட ஏட்ரீ, ஸ்ட்ராண்ட் லைஃப் சயின்சஸ், இந்த ஊர் பிரெஞ்சு நிறுவனம்னு பல பேர் கூட்டு. ஒரு இடத்துல நிதி நின்னா இன்னொரு இடம் தாங்கும். மென்பொருள் ஓப்பன் சோர்ஸ்.

அதனால என்ன ஆச்சு? 2013-ல பூட்டான் தன்னோட நாட்டுக்கு ஒரு போர்ட்டல் தொடங்கினப்போ, அதே கோட் மேல கட்டினாங்க. அப்புறம் மடகாஸ்கர், மொரீஷியஸ், கொமரோஸ் பக்கம் களைச்செடிகளுக்காக 'விக்வியோ'ன்னு ஒரு திட்டம். சிராட்டோட இந்த ஊர் நிறுவனமும் கூட்டாளி. அதுவும் அதே மேடை. மடகாஸ்கர்ல வயல்ல ஒரு களைச்செடியோட படத்தை ஒருத்தர் ஏத்துறதுக்கும், நீங்க ஊசுட்டேரியில ஒரு பறவையோட படத்தை ஏத்துறதுக்கும் அடியில இருக்கிற மென்பொருள் ஒரே குடும்பம்.

இதை நான் சுலபமான வேலையா காட்ட விரும்பல. கோடை எடுத்துட்டுப் போறது ரெண்டு விதமா நடக்கும். ஒண்ணு, படி எடுத்து நம்ம வீட்டுக்குக் கொண்டு போய் இஷ்டத்துக்கு மாத்திக்கிறது. முதல் மாசம் ஜாலியா இருக்கும். ரெண்டு வருஷத்துல மூல வீட்டுல பத்து ஓட்டையை அடைச்சிருப்பாங்க, உங்க வீட்டுல அது எல்லாம் திறந்தே கிடக்கும். இன்னொரு விதம், மாத்தம் வேணும்னா மூலத்துலயே பேசி, எல்லாருக்கும் ஆகுற மாதிரி அங்கேயே சேர்க்கிறது. இதுக்கு மெயில் எழுதணும், விளக்கணும், சில சமயம் "இது எங்களுக்கு வேண்டாம்"ன்னு சொல்றதைக் கேட்டுக்கணும். மெதுவா நடக்கும். ஆனா ஒரு பக்கம் சரி பண்ணினது நாலு பக்கமும் சரியாகும்.

மறுபயன்பாடுன்னு நாம சொல்றது கோடை எடுத்துப் போறதோட முடியல. எடுத்தவங்க திரும்பி வந்து பேசணும்.

க்ரான்லயிருந்து வர்ற மெயில்

அந்தப் பொண்ணு எப்படித் தப்பைப் பிடிச்சாங்கன்னு இன்னும் சொல்லல. 43 டன்னு வந்ததும், ஒத்துப் பார்க்கலாம்னு 'பயோமாஸ்'னு ஒரு பேக்கேஜை எடுத்திருக்காங்க. ஆர் மொழியில எழுதினது. 2017-ல அதைப் பத்தின கட்டுரை வந்துச்சு. அதை எழுதின குழுவோட முதல் ஆசிரியர் மாக்சிம் ரெஜூ-மெஷான் அந்தச் சமயத்துல இந்தப் புதுச்சேரி நிறுவனத்தோட சம்பந்தப்பட்டவர். அதாவது அவங்க பிரச்சினைக்கு விடை நம்ம கடற்கரைப் பக்கத்துலயே ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கு. எனக்கு அது தெரியாது. நான் தேடினதே இல்ல.

அந்தப் பேக்கேஜ் என்ன பண்ணும்? மரப் பேர்ல எழுத்துப்பிழை இருந்தா திருத்த உதவும். எந்த இனத்தோட கட்டை எவ்வளவு அடர்த்தின்னு உலக அளவுல தொகுத்த டேட்டாவுலயிருந்து எடுக்கும். சில மரங்களுக்குத்தான் உயரம் அளந்திருக்கீங்கன்னா, மத்த மரங்களுக்கு விட்டத்தை வெச்சு மதிப்பிடும். முக்கியமா, இந்த விடை எவ்வளவு தூரம் தப்பா இருக்கலாம்னும் கணக்குப் போட்டுச் சொல்லும். உதவிப் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கு: விட்டம், சென்டிமீட்டர்ல. அந்த ஒரு வரியைப் படிச்சதும் அவங்களுக்குப் பொறி தட்டியிருக்கு, "அப்போ அண்ணா ஸ்க்ரிப்ட்ல ஜி-ன்னா என்ன?" அப்புறம்தான் எனக்குப் போன்.

இந்த மாதிரி ஆர் பேக்கேஜுகள் இருக்கிற பொதுக் கிடங்குக்குப் பேர் க்ரான். அங்க ஒரு நல்ல கண்டிப்பு இருக்கு. கிடங்குல இருக்கிற பேக்கேஜுகளை அவங்க திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாங்க. உடைஞ்சா, பராமரிக்கிறவருக்கு மெயில் போகும்: இந்தத் தேதிக்குள்ள சரி பண்ணுங்க. பண்ணலன்னா கிடங்குலயிருந்து எடுத்துப் பழைய பெட்டியில வெச்சிடுவாங்க. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பராமரிப்பாளர்னு ஒரு ஆளோட பேர் இருந்தே ஆகணும். என் ஸ்க்ரிப்ட்டுக்கு அப்படி ஒரு பேர் இருந்ததில்ல. அந்தப் பொண்ணு யார் யார்கிட்டயோ கேட்டு என் நம்பரை வாங்கியிருக்காங்க.

விளக்கும் ஆடும்

இப்போ காசு விஷயம். இதைப் பேசாம இந்தத் தலைப்பை முடிக்க முடியாது.

2019 ஏப்ரல் 10. கருந்துளையோட முதல் படம் வெளியாச்சு. உலகமே பார்த்துச்சு. அந்தப் படத்துக்கும் அதோட ஆய்வுக்கும் மேட்பிளாட்லிப் மாதிரி பைத்தான் மென்பொருள்கள் வேலை செஞ்சிருக்கு. எல்லாம் ஓப்பன் சோர்ஸ், பெரும்பாலும் ஓய்வு நேரத்துல பார்த்துக்கிறவங்க. சரியா அஞ்சு நாள் கழிச்சு, அந்த மென்பொருள் குடும்பத்தைப் பராமரிக்கக் கேட்ட நிதியை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துச்சு. போதுமான தாக்கம் இல்லைங்கிறது அவங்க சொன்ன காரணம்.

அவங்களைத் திட்டுறது சுலபம். ஆனா நாமும் அப்படித்தான். புதுசா ஒண்ணு கட்டுறேன்னு சொன்னா காசு கிடைக்கும், ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். இருக்கிறதை இன்னும் அஞ்சு வருஷம் ஓட வைக்கிறேன்னு சொல்லிப் பாருங்க.

இந்த இடத்துல நம்ம ஊர்க்காரங்க ஆயிரம் வருஷம் முன்னாடியே ஒரு வழி பண்ணியிருக்காங்க. சோழர் காலக் கல்வெட்டுகள்ல கோயிலுக்கு நந்தாவிளக்கு வெச்ச கணக்கு நிறைய வரும். நந்தாவிளக்குன்னா அணையாம எரியுற விளக்கு. விளக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டுப் போறது ஈஸி. ஆனா தினமும் நெய் வேணுமே? அதனால ஒரு விளக்குக்கு 90 ஆடு, இல்லன்னா 96 ஆடு கொடுப்பாங்க. அதை ஒரு ஆட்டுக்காரர்கிட்ட ஒப்படைப்பாங்க. அவர் தினமும் ஒரு உழக்கு நெய் அளக்கணும். மந்தையில கிழடு போனா குட்டி வரும், எண்ணிக்கை குறையக்கூடாது. கல்வெட்டு அதை 'சாவா மூவாப் பேராடு'ன்னு சொல்லுது. சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகும், மந்தை சாகாது.

யார் கொடுத்தாங்க, யார் பொறுப்பு, ஒரு நாளைக்கு எவ்வளவு. மூணையும் கல்லுல வெட்டினாங்க. இங்கேயிருந்து பாகூர் மூலநாதர் கோயிலுக்கு ஒரு நாள் வண்டியை எடுத்துட்டுப் போங்க. சோழர் காலக் கல்வெட்டுகள் சுவர்ல இருக்கு.

நாம மென்பொருளுக்கு விளக்கை மட்டும் வாங்கிக் கொடுக்குறோம். ஒரு நிதி விண்ணப்பம் எழுதும்போது "திட்டம் முடிஞ்ச பிறகு இதை யார் பார்த்துக்குவாங்க, அதுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சர்வர் காசு எங்கயிருந்து"ன்னு மூணு வரி இருந்தாலே போதும், பாதிப் பிரச்சினை அன்னைக்கே வெளிய வந்துடும். பதில் "யாரும் இல்ல"ன்னா, பெரிசா ஒண்ணு கட்ட வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற ஒண்ணோட போய்ச் சேர்ந்துக்கலாம். உங்க வேலையும் அந்த மந்தையில ஒரு குட்டியா இருக்கும்.

நாளைக்கே செய்யக்கூடியது

நிதி, பதவி எல்லாம் நம்ம கையில இல்ல. நாளைக்குக் காலையில நீங்க செய்யக்கூடியதைச் சொல்றேன். அந்தப் போன் காலுக்கு அப்புறம் நான் பழகிக்கிட்டது.

முதல்ல, எழுதுறதுக்கு முன்னாடி தேடுங்க. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடுங்க. நான் தேடியிருந்தா அந்த ஸ்க்ரிப்ட்டே தேவைப்பட்டிருக்காது.

ரெண்டாவது, காலத்தோட பேர்லயே அளவையும் எழுதுங்க. 'ஜி' வேண்டாம். 'சுற்றளவு_செமீ'. இதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

மூணாவது, விடை தெரிஞ்ச ஒரு சின்ன உதாரணத்தைக் கூடவே வைங்க. பத்து மரம், அதுக்கு இவ்வளவு எடை வரணும்னு. புதுசா வர்றவர் அதை முதல்ல ஓட்டிப் பார்க்கட்டும். அதோட, பொருந்தாத எண் வந்தா ஸ்க்ரிப்ட் கத்தட்டும். ஒரு காட்டுல எல்லா மரமும் விரல் தடிமன்ல இருந்தா, "கொஞ்சம் பாருங்க"ன்னு சொல்ல ரெண்டு வரி போதும்.

நாலாவது, உரிமம். ரெப்போவைத் திறந்து வெச்சுட்டு உரிமம் போடலன்னா, சட்டப்படி யாரும் தொட முடியாது. கதவைத் திறந்து வெச்சுட்டு 'உள்ளே வராதே'ன்னு போர்டு மாட்டின மாதிரி. எம்ஐடி, ஜிபிஎல்னு ஏற்கெனவே எழுதின உரிமங்கள் இருக்கு, ஒண்ணை எடுத்துப் போடுங்க.

அஞ்சாவது, உங்க லேப்டாப்புக்கு வெளிய ஒரு இடம். கிட்ஹப் வேலை செய்ற இடம், காப்பகம் இல்ல. கட்டுரைக்கு எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீங்களோ, அதை செர்ன் நடத்துற ஜெனோடோவுல போட்டா ஒரு நிரந்தர எண் கிடைக்கும். மத்தவங்க அதை மேற்கோள் காட்டலாம்.

கடைசியா, ரெண்டாவது ஆள். உங்களைத் தவிர இன்னொருத்தர் அதை அவர் மெஷின்ல, உங்க உதவி இல்லாம ஓட்டியிருக்கணும். அவர் எங்கயெல்லாம் மாட்டுறாரோ, அதை எழுதி வைங்க. ரீட்மீ ஃபைல்னா அதுதான்.

ஒண்ணு சேர்த்துச் சொல்லிடுறேன். எல்லா ஸ்க்ரிப்ட்டையும் பேக்கேஜ் ஆக்கணும்னு இல்ல. ஒரு வரைபடத்துக்காக ஒரு மதியம் எழுதினது, ஒரு மதியத்தோட போகட்டும். ஆனா ரெண்டாவது ஆள் வந்து "எனக்கும் கொடுங்களேன்"ன்னு கேட்ட நாள் முக்கியம். அன்னைக்கு மேல சொன்னதைச் செய்யுங்க.

கேள்விகள்

*நான் தாவரவியல் மாணவி. என் கோட் ரொம்ப அசிங்கமா இருக்கும். அதை வெளிய வைக்க வெட்கமா இருக்கு. என்ன பண்றது?*

எனக்கும் இருந்துச்சும்மா. அந்த வெட்கத்துலதான் நான் யாருக்கும் காட்டல. காட்டியிருந்தா முதல் வாரமே யாராவது "ஜி-ன்னா என்ன?"ன்னு கேட்டிருப்பாங்க. உங்க நோட்டுல மரத்தோட அளவை எழுதுறீங்க, அந்தக் கையெழுத்து அழகா இருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கல, படிக்கிற மாதிரி இருந்தா போதும். கோடும் அப்படித்தான். உங்க வகுப்புல ஒரே ஒருத்தர்கிட்ட காட்டி ஆரம்பிங்க. புதுச்சேரியில கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இருக்காங்க, அவங்களுக்குத் தாவரவியல் தெரியாது, உங்களுக்கு கிட் தெரியாது. ரெண்டு பேரும் ஒரு டீக்கடையில உக்காந்தா சரியா இருக்கும்.

*இப்போ ஏஐ அஞ்சு நிமிஷத்துல கோட் எழுதித் தருது. இனிமே பழைய கோடைப் பாதுகாத்து, மறுபடி பயன்படுத்தணும்னு என்ன அவசியம்? வேணும்போது புதுசா எழுத வெச்சுக்கலாமே?*

நல்ல கேள்வி. நானும் பயன்படுத்துறேன், ஒளிக்க ஒண்ணும் இல்ல. ஆனா என் ஸ்க்ரிப்ட்ல எழுதுற வேலை என்னைக்குமே கஷ்டமா இருந்ததில்ல, நூத்தம்பது வரிதான். அந்த ஃபைல்ல இருக்கிற எண் சுற்றளவா விட்டமான்னு ஏஐக்கு எப்படித் தெரியும்? நாம எங்கயாவது எழுதி வெச்சிருந்தாத்தான் தெரியும். அடுத்தது, பத்து பேர் பத்து தடவை புதுசா எழுத வெச்சா பத்து விதமான கணக்கு வரும். எல்லாம் சிவப்பு எழுத்து இல்லாம அழகா ஓடும். உங்க காட்டையும் என் காட்டையும் ஒப்பிடணும்னா ரெண்டுக்கும் ஒரே தராசு வேணும். பல பேர் பயன்படுத்தி, தப்பு கண்டுபிடிச்சு, திருத்தின தராசு. அதைப் பாதுகாக்குற வேலைக்கு ஏஐயை உதவிக்கு வெச்சுக்கலாம், தாராளமா.

முடிச்சுக்குறேன். அந்தப் பொண்ணு பிஎச்டி முடிச்சுட்டாங்க. என் ஸ்க்ரிப்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு, பொதுவான பேக்கேஜையே பயன்படுத்தினாங்க, அதுதான் சரி. நான் என் பங்குக்குப் பழைய ஃபோல்டரைத் திறந்து, மேல ரெண்டு வரி எழுதி வெச்சேன்: "இதைப் பயன்படுத்தாதீங்க. இந்தப் பேக்கேஜைப் பாருங்க." கீழே என் மெயில் ஐடி.

வாங்க, பீச் ரோட்டுல இன்னும் காத்து இருக்கும்.